திம்பம் மலைப்பாதை: வருடக்கணக்காக ஓட்டிய அனுபவம்

புது கார் வாங்கிய நண்பர் ஒருவர், மைசூர் போக திம்பம் வழி எப்படி இருக்கும் என்று கேட்டார். சத்தியமங்கலம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் பண்ணாரியிலிருந்து ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவு, பழைய தேசிய நெடுஞ்சாலை 209-தான் இப்போதைய 948, இரவில் விடமாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கும் தெரியும். நான் சொல்ல வேண்டியிருந்தது வேறு.

லாரி வளைவில் மாட்டுவது எனக்கு எரிச்சலே இல்லை. பாரம் ஏற்றிய வண்டி ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் பாதி வளைவில் நிற்கும். கிளீனர் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் வைப்பார். டிரைவர் கொஞ்சம் பின்னால் எடுத்து, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மறுபடி ஏற்றுவார். இரண்டு தடவை, மூன்று தடவை, அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடம்தான் சிலருக்குப் பொறுக்காது. ஒரு கார் வரிசையை விட்டு வலது பக்கம் ஏறி, லாரிக்கு அருகில் போய் நிற்கும். அதன் பின்னாலேயே ஒரு வேன், நாலைந்து பைக். இப்போது மேலிருந்து இறங்கும் பஸ்ஸுக்கு வழி கிடையாது, லாரி பின்னால் எடுக்கவும் இடம் கிடையாது. யாரும் நகர முடியாது. போன வாரம் இப்படித்தான் ஒன்றரை மணி நேரம் நின்றோம். மேலே எங்கோ ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மலைமேல் இருக்கும் தாளவாடிக்காரர்கள் சத்தியமங்கலம், ஈரோடு பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர இந்த மலையைத்தான் இறங்கியாக வேண்டும். குறுக்கே வண்டியை நுழைத்தவர்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழவே இல்லையா என்று இன்னும் ஆறவில்லை எனக்கு.

நியாயமாகச் சொன்னால், முன்பைவிட நிலைமை எவ்வளவோ தேவலை. 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுத் தடை அமலுக்கு வந்தது. அப்புறம் 16.2 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கும் தடை வந்தது. அதற்கு முன் பன்னிரண்டு சக்கர வண்டிகள் கூட இந்த வளைவுகளில் திணறின. புலிகள் காப்பகத்துக்கு நடுவே போகிற சாலை, காட்டுக்கும் இரவு வேண்டும்தானே.

சாலையின் போக்கைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சில மலைப்பாதைகளில் ஏறியதை மறுபக்கம் இறங்கித் தொலைக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. மைசூர் பீடபூமியின் விளிம்பில் ஏறுகிறோம், அதனால் வளைவு முழுவதும் ஒரே சரிவில் முடிந்துவிடுகிறது. திம்பம் தாண்டினால் ஆசனூர் வழியாகக் காட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, சாம்ராஜ்நகர் வரை நிம்மதியான ஓட்டம். காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் கரும்பு லாரிக்காக யானை நிற்கும். பண்ணாரியில் வேர்த்து வழிந்தவனுக்கு ஆசனூரில் கண்ணாடியை இறக்கும்போது வருகிற அந்தக் காற்றுக்கு ஈடு கிடையாது. ஊட்டி, கூடலூர் வழியாகவும் போயிருக்கிறேன். அது சுற்று, இ-பாஸ் வேறு.

இவ்வளவு சொல்லிவிட்டு நண்பரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? குடும்பத்தோடு முதல் தடவை போகிறீர்கள், சனி ஞாயிறில் திம்பம் வேண்டாம் என்றுதான். அவர் போய்த்தான் தீருவேன் என்றால் காலை ஆறு மணிக்குத் தடை திறக்கும்போதே பண்ணாரியில் இருக்கட்டும். வழியில் யானையைப் பார்த்து வண்டியை நிறுத்தக் கூடாது. முன்னால் லாரி மாட்டினால், எவ்வளவு பேர் பின்னாலிருந்து ஹாரன் அடித்தாலும் இடது ஓரத்தை விட்டு நகரக் கூடாது.