முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறீர்களா? பாளையங்கோட்டை பக்கம் எங்களுக்கு நடந்தது இது

என் பெரியம்மையை நாலு மாதம் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் வைத்திருந்தோம். போன மாதம் முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணோடு அங்கேயிருந்து தூக்கிக்கொண்டு வந்தோம். புகார் விசாரணையில் இருப்பதால் இல்லத்தின் பெயரை எழுதவில்லை. நான் எதைப் பார்த்து நம்பினேன், எதைப் பார்க்கத் தவறினேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பெரியம்மைக்கு 76 வயது. பிள்ளை கிடையாது. சேரன்மகாதேவியில் தனி வீடு. என்னையும் தம்பியையும் பாதி வளர்த்தது அவர்கள்தான். குளிக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தாலும் ஆள் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. சர்க்கரைக்கு இரண்டு வேளை இன்சுலின் வேறு. எனக்கு வேலை சென்னையில், தம்பி துபாயில், அம்மைக்கே மூட்டு வலி. வேறு வழி தெரியாமல்தான் அங்கே போனோம். அட்வான்ஸ் 50,000 ரூபாய், மாதம் 18,000.

முதல் நாள் காட்டியது முன்ஹாலும் ஒரு மாதிரி அறையும்தான். பளபளவென்று டைல்ஸ், சாமி படம், வெள்ளை யூனிஃபார்மில் ஒரு நர்ஸ். “இருபத்திநாலு மணி நேரமும் ரெண்டு நர்ஸ் இருப்பாவ, தினம் டாக்டர் வருவாவ” என்று மேலாளர் சொன்னார். பதிவு பற்றிக் கேட்டதற்குச் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். அரசு முத்திரையைப் பார்த்ததும் திருப்தியாகிவிட்டேன். அது டிரஸ்ட்டைப் பதிவு செய்த சான்றிதழ் என்பது பிறகுதான் தெரிந்தது. டிரஸ்ட் பதிவு வேறு, முதியோர் இல்லமாக நடத்துவதற்கு மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தின்கீழ் செய்ய வேண்டிய பதிவு வேறு. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் போய்க் கேட்டால் பதிவு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் நான் செய்திருக்க வேண்டிய வேலை அது.

பார்க்க வரும் நேரம் ஞாயிறு சாயங்காலம் 4 முதல் 5 வரை மட்டும். மற்ற நாளில் வீடியோ கால். முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டு வைத்துத்தான் காட்டுவார்கள். கழுத்துக்குக் கீழே கேமரா இறங்காது. “நல்லா இருக்கேன் மக்கா” என்பார்கள் பெரியம்மை, பக்கத்தில் யாரையோ பார்த்துக்கொண்டே.

மூன்றாம் மாதம் ஒருநாள் பார்த்தால் முடி இல்லை. இடுப்புவரை கிடந்த பின்னலைக் காதோடு வெட்டியிருந்தார்கள். பேன் என்று மேலாளர் காரணம் சொன்னார். யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று அன்றைக்கே நான் ரயில் ஏறியிருக்க வேண்டும். சரி, சுத்தத்துக்குத்தானே என்று விட்டுவிட்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி நேரே அங்கே போய்விட்டேன். காலை ஏழரை மணி. வாட்ச்மேனைக் காணவில்லை, டீ குடிக்கப் போயிருந்தார். பின்பக்கம் துணி காயப்போட வந்த பொண்ணுதான் கதவைத் திறந்துவிட்டது. இருபது வயது இருக்கும். மாடிப்படி ஏறினால் மேலே கிரில் கேட், பூட்டு. சாவி வாட்ச்மேன் பாக்கெட்டில்.

அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஏர்வாடி நினைவுக்கு வந்தது. நாங்குநேரி பக்கத்து ஏர்வாடி இல்லை, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். இங்கே சங்கிலி இல்லை. ஆனால் மேலே ஒன்பது பேர், எழுந்து நடக்க முடியாதவர்களே அதிகம், ஒரே படி, அதற்கும் பூட்டு. கீழே இருப்பவர்கள் நிலையும் அப்படித்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷனும் வண்ணாரப்பேட்டையும் கிடந்த கிடையைப் பார்த்த ஊர் இது. தண்ணீர் வந்தால் படுத்த படுக்கையாக இருப்பவர்களை யார் தூக்குவது என்று சேர்க்கும்போது எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

வாட்ச்மேன் வரும்வரை அந்தப் பொண்ணு மெதுவாகச் சொன்னது: “அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. ராத்திரி நான் ஒத்த ஆளுதான். மொத்தம் 23 பேரு. காலையில சமையலுக்கும் நான்தான் காய் வெட்டணும். நர்ஸக்கா பத்து மணிக்குத்தான் வருவாவ.” அந்தப் பொண்ணு மேல் எனக்குக் கோபம் இல்லை. 23 பேரை ஒரு ஆள் எப்படிப் பார்க்க முடியும்?

பெரியம்மையைத் திருப்பிப் படுக்கவைத்தபோதுதான் புண்ணைப் பார்த்தேன். ராத்திரி கட்டிய டயப்பர் நனைந்து கனத்துக் கிடந்தது. புண்ணின் மேல் ஒட்டியிருந்த பஞ்சு காய்ந்து தோலோடு பிடித்திருந்தது. தானாகப் புரள முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், குதிகாலையும் இடுப்பையும் தினம் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சார்ட் இருக்க வேண்டும். கேட்டேன். அப்படி ஒன்று அங்கே இல்லவே இல்லை.

இன்சுலின் பாட்டில் ஜன்னல் திட்டில் வெயிலில் இருந்தது. ஃபிரிட்ஜ் முன்ஹாலில் ஜூஸ் வைக்க. பக்கத்தில் கிடந்த சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இதை எல்லாரும் தயவுசெய்து கவனியுங்கள். நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 40 அளவு, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி, ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் 100 அளவுக்கானது. 40 பாட்டில் மருந்தை அந்த சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். எத்தனை நாள் அப்படிப் போட்டார்களோ. அன்று ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 400ஐத் தாண்டியிருந்தது. சர்க்கரை அப்படி இருந்தால் புண் எங்கே ஆறும்?

மேலாளர் ஒன்பதரைக்கு வந்தார். “வயசானவங்களுக்கு இதெல்லாம் சகஜம்மா. அவ்வளவு அக்கறை இருந்தா நீங்க வீட்ல வச்சிப் பாத்திருக்கலாமே” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் அவர்களுடைய பலம். குற்ற உணர்ச்சியில் நாம் வாயை மூடிக்கொள்வோம் என்று அவர்களுக்குத் தெரியும். நான் மூடவில்லை. புண், பாட்டில், சிரிஞ்சு, கிரில் பூட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் புண்ணின் அளவை எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். இந்த இரண்டும் இல்லாவிட்டால் எந்த மனுவுக்கும் பலம் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்தேன். அந்த இல்லத்துக்குப் பதிவே இல்லை என்பது சமூக நல அலுவலகத்தில் அன்றுதான் தெரிந்தது. முதியோர் உதவி எண் 14567லும் புகாரைப் பதிவு செய்திருக்கிறோம். அட்வான்ஸைத் தர மாட்டோம் என்கிறார்கள். காசு வாங்கிச் செய்த சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ரசீதுகளைத் தம்பி சேர்த்துக்கொண்டிருக்கிறான்.

பெரியம்மை இப்போது சேரன்மகாதேவி வீட்டில் இருக்கிறார்கள். நான் லீவு போட்டு வந்திருக்கிறேன், பகலுக்கு ஒரு அக்கா துணைக்கு வருகிறார்கள். புண் ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதை வருகிறது. நேற்று சொதி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மேல்மாடியில் பெரியம்மைக்கு அடுத்த கட்டிலில் ஒரு ஆச்சி இருந்தார்கள், களக்காட்டுப் பக்கம். நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு மகனுடைய போன் நம்பரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தால் ஒன்பது எண்தான் வருகிறது, ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மனுவில் அவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். களக்காட்டிலிருந்து அம்மையைப் பாளையங்கோட்டை பக்கம் ஒரு இல்லத்தில் சேர்த்திருக்கும் மகன் யாராவது இதைப் படித்தால், ஞாயிறுவரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலையிலேயே, சொல்லாமல், போய்ப் பாருங்கள்.