ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டர்: எம்ஜிபி காரில் போட்டு ஓட்டிய பின் ஒரு மதிப்பீடு

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் ‘சிவப்பு ரோட்டர்’ என்று சொன்னாலே போதும், எதைச் சொல்கிறோம் என்று புரிந்துகொள்வார்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் லூக்காஸ் நிறுவனத்தின் பழைய டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கென்று, நடுவில் ரிவெட் என்னும் உலோக ஆணி அடிக்காமல், சிவப்பு நிறத்தில் வார்த்து விற்கப்படும் ரோட்டர் ஆர்ம் அது. என்னுடைய 1971ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனதை அடுத்து அதை வாங்கினேன்; சென்ற கோடைக்காலம் முழுவதும் அதனுடன்தான் கார் ஓடியது. பதினைந்து பவுண்டுக்குள் அடங்கிவிடும் ஒரு பாகத்துக்கு இத்தனை நீளமான மதிப்பீடு எதற்கு என்று கேட்கலாம். கோளாறு இந்தப் பாகத்தில்தான் இருக்கிறது என்று தெரியாமல் பெட்ரோல் பம்பு, கார்புரேட்டர், காயில் என்று வரிசையாக மாற்றிப் பணத்தைக் கரைத்தவர்கள் ஏராளம். ஆகவே பாகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கோளாற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் தயாரான கார். அதிலுள்ளது 1798 சிசி கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பி-சீரிஸ் என்ஜின். நம்மூர் அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 சிசி பெட்ரோல் என்ஜினும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், அம்பாசடரில் கைபழகிய ஒரு மெக்கானிக் எம்ஜிபியின் பானெட்டைத் திறந்தால் பெரிதாக அந்நியப்பட மாட்டார். என் காரில் இருப்பது லூக்காஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர். மின்னழுத்தத்தைப் பெருக்கும் காயிலிலிருந்து வரும் உயர் அழுத்த மின்சாரம் மூடியின் நடுவிலுள்ள கார்பன் பிரஷ் வழியாக இறங்கி, ரோட்டரின் தலையிலிருக்கும் பித்தளைத் தகட்டுக்கு வருகிறது. ரோட்டர் சுழன்றபடியே அதை 1-3-4-2 என்ற வரிசையில் நான்கு பிளக்குகளுக்கும் பங்கிடுகிறது. ரோட்டர் அமர்ந்திருக்கும் தண்டு, என்ஜினோடு சேர்ந்த எர்த். ஆக, மேலே பல்லாயிரம் வோல்ட், கீழே எர்த், நடுவில் தடுப்பாக இருப்பது சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மட்டுமே.

கார் நின்றது ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து செல்டன்ஹாம் போகும் ஏ40 சாலையில், பர்ஃபர்டைத் தாண்டிய பிறகு. இருமலோ திணறலோ ஒன்றும் இல்லாமல், சுவிட்சை அணைத்ததைப்போல் என்ஜின் ஒரே நொடியில் ஓய்ந்தது. கோளாற்றின் வகையைப் பிரிப்பதற்கு இந்தத் தகவல் முக்கியமானது. பெட்ரோல் வராமல் நிற்கும் என்ஜின் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் நிற்கும்: கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை இழுவை குறையும், குலுக்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் மோசமாகும், அதன்பின் அடங்கும். பளிச்சென்று அணைந்தால் முதல் சந்தேகம் மின்சாரத்தின்மேல்தான் விழவேண்டும்.

அடுத்த துப்பு, என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாகோமீட்டரின் முள்ளில் இருந்தது. கியரை எடுக்காமல் கார் உருண்டுகொண்டிருக்கும்போது சக்கரங்கள் என்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். என் காரின் காலத்து எம்ஜிபியின் ஸ்மித்ஸ் டாகோமீட்டர், காயிலுக்குப் போகும் மின்சாரத்தின் துடிப்பை எண்ணித்தான் வேகத்தைக் காட்டுகிறது. முள் சட்டென்று சுழியில் விழுந்திருந்தால், காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட், அந்தப் பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர், இக்னிஷன் சுவிட்ச், அவற்றுக்கு இடையிலான வயர் ஆகிய தாழ் அழுத்தப் பகுதியில் எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். என் காரில் முள் விழவில்லை. காரின் வேகம் குறையக் குறையத் தானும் இறங்கியது. பாயிண்ட் திறந்து மூடுகிறது, காயிலுக்கு மின்சாரம் போகிறது, அதற்கு அப்பால்தான் ஏதோ தொலைகிறது என்பதற்கு அதைவிட மலிவான சாட்சி கிடையாது. பழைய கார் ஓட்டுபவர்கள் கார் நிற்கும் அந்தச் சில நொடிகளில் சாலையோடு சேர்த்து அந்த முள்ளையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது. ஓரம் கட்டிய பிறகு அந்தச் சாட்சி கிடைக்காது.

உதவிக்கு வந்த சாலையோர மெக்கானிக் (நல்ல மனிதர், பொறுமைசாலி) பிளக் ஒன்றைக் கழற்றி, அதன் உடலை என்ஜினில் தொடவைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். மெலிதாக ஒரு பொறி தெரிந்தது. ‘பொறி இருக்கிறது, ஆகவே பெட்ரோல்தான்’ என்று முடிவு செய்து, எத்தனால் கலந்த பெட்ரோலையும் வெயிலையும் குறைசொன்னார். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10 சாதாரண பெட்ரோலாகிவிட்டதால், பழைய காரில் எது நடந்தாலும் பழி அதன்மேல் போகிறது. அரை மணி நேரம் ஆறவிட்ட பின் கார் கிளம்பியதும் அவர் சொன்னது உண்மைபோலவே தோன்றிற்று. சில மைல் தாண்டி மறுபடியும் நின்றது.

இங்கேதான் பலரும் வழிதவறுகிறார்கள் என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். திறந்த வெளியில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்க மின்சாரத்துக்கு அதிக அழுத்தம் தேவைப்படுவதில்லை. அதே பிளக் சிலிண்டருக்குள், அழுத்தப்பட்ட காற்றுக்கு நடுவில் இருக்கும்போது அதைப்போல் பல மடங்கு வோல்ட் வேண்டும். மின்சாரம் எப்போதும் சுலபமான வழியைத் தேடும். ரோட்டரின் பிளாஸ்டிக்கில் ஓரிடம் பலவீனமாக இருந்தால், வெளியே வைத்த பிளக்குக்கு ஓரளவு பொறி கிடைக்கும். உள்ளே வைத்த பிளக்குக்குப் போகவேண்டியதோ அந்தப் பலவீனமான இடத்தைத் துளைத்துக்கொண்டு தண்டு வழியாக எர்த்தில் இறங்கிவிடும். சூட்டில் அந்தப் பலவீனம் கூடுவதால் ஆறினால் ஓடும், சூடானால் நிற்கும். பெட்ரோல் ஆவியாகித் தடைபடும் கோளாற்றின் அடையாளமும் அச்சாக இதுவே என்பதுதான் சிக்கல்.

பெட்ரோலைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்குவது கடினமான வேலை இல்லை. எம்ஜிபியின் எஸ்யூ பெட்ரோல் மின்பம்பு காரின் பின்பக்கம் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்து, கிண்ணங்கள் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு ஜாடியில் விட்டால், நிமிடத்துக்கு ஒரு பைண்டுக்கு (அரை லிட்டருக்குச் சற்று மேல்) குறையாமல், குமிழி இல்லாமல் வரவேண்டும். என் காரில் தாராளமாக வந்தது. ஜாடியையும் சிந்திய பெட்ரோலையும் அகற்றி, ஆவி கலையும்வரை காத்திருந்து, அதன் பிறகே பொறிச் சோதனைக்குப் போகவேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

பொறிச் சோதனையில் காயிலிலிருந்து வரும் நடுவயரை மூடியிலிருந்து உருவி, அதன் முனையை என்ஜினுக்கு அருகில் பிடித்து செல்ஃப் அடித்தபோது நீல நிறத்தில் தடித்த பொறி, ஓசையுடன் வந்தது. அதே வயரை மூடியில் செருகிவிட்டுப் பிளக் வயரில் பார்த்தால் சோகையான பொறி. இரண்டுக்கும் நடுவில் இருப்பவை மூடி, ரோட்டர், பிளக் வயர் ஆகிய மூன்றுதான். நான்கு சிலிண்டரும் சேர்ந்து அடங்குவதற்கு ஒற்றைப் பிளக் வயர் காரணமாக முடியாது.

ரோட்டரைத் தனியே குற்றவாளியாக்கும் சோதனை இதனினும் எளிது. மூடியை ஒதுக்கிவிட்டு, ரோட்டரைத் தண்டிலேயே இருக்கவிட்டு, காயிலின் நடுவயரை மின்காப்புள்ள குறடால் பிடித்து, ரோட்டரின் பித்தளைத் தலைக்கு மேலே மூன்று நான்கு மில்லிமீட்டர் தூரத்தில் நிறுத்தி செல்ஃப் அடிக்கவேண்டும். ரோட்டர் நன்றாக இருந்தால் மின்சாரம் போக வழியில்லை. மிஞ்சிப்போனால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு சிறு மினுக்கல். ரோட்டர் கெட்டிருந்தால் பித்தளைக்குள் பொறி பாய்ந்துகொண்டே இருக்கும். என் காரில் இடைவிடாமல் பாய்ந்தது. கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோது, அடிப்பக்கத்தில், தண்டைக் கவ்விப்பிடிக்கும் சிறிய எஃகுச் சுருளுக்கு அருகில், குண்டூசி முனை அளவுக்கு ஒரு கருந்துளையும், அதிலிருந்து மயிரிழைபோல் ஒரு கரிக்கோடும் தெரிந்தன. முகர்ந்தால் பேக்கலைட் கருகிய வாடை.

இத்தனைக்கும் அந்த ரோட்டர் பழையதன்று. முந்தைய சர்வீஸின்போது பாயிண்ட், கண்டென்சரோடு சேர்த்துப் புதிதாகப் போட்டது. சோகம் என்னவென்றால், கழற்றிப்போட்ட பழைய லூக்காஸ் ரோட்டர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்குப் பல இடங்களிலும் கிடைக்கும் மலிவான மாற்று ரோட்டர்களில் பித்தளைத் தகட்டை ஒரு ரிவெட்டால் பிளாஸ்டிக்கோடு இறுக்கியிருப்பார்கள். அந்த ரிவெட்டின் வால் கீழே உள்ள சுருளை நோக்கி இறங்குவதால், தடுப்பாக இருக்கவேண்டிய பிளாஸ்டிக் அந்த இடத்தில் மெலிந்துவிடுகிறது. கறுப்பு நிறத்துக்காகக் கலக்கும் கரித்தூள் அளவு மீறினால் அந்தப் பிளாஸ்டிக்கே ஓரளவு மின்கடத்தியாகிறது. புதுப் பாகம் என்பதனாலேயே அதைச் சந்தேகிக்காமல் விடுவதுதான் இந்தக் கார்களில் நேரத்தை அதிகம் விழுங்குகிறது.

சிவப்பு ரோட்டர் இந்த இரண்டு குறைகளையும் நேராகக் கையாள்கிறது. ரிவெட் அறவே இல்லை; பித்தளை, வார்ப்புக்குள்ளேயே பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. கறுப்பு நிறத்துக்கான கரித்தூளும் இல்லை. கையில் எடுத்தால் மலிவுப் பாகத்தைவிடக் கெட்டியாகத் தெரிகிறது. வார்ப்பின் ஓரங்களில் பிசிறு இல்லை. பித்தளையின் முனை ஒரே சீராகத் தேய்க்கப்பட்டிருக்கிறது. போட்ட பிறகு மேலே சொன்ன அதே சோதனையைச் செய்தேன்: பொறி பாயவில்லை. அதற்குப் பிறகு, வேல்ஸ் மலைப்பாதைகளில் ஏறிய ஒரு நீண்ட பயணத்திலும், வெயில் நாளில் நகர நெரிசலில் என்ஜின் கொதித்துக்கொண்டிருந்தபோதும் ஒருமுறைகூட அணையவில்லை. இழுவை கூடியது, மைலேஜ் ஏறியது என்றெல்லாம் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படி எதுவும் தென்படவில்லை, தென்படவும் நியாயமில்லை. இது கோளாற்றைத் தடுக்கும் பாகம், சக்தியைக் கூட்டும் பாகம் இல்லை.

குறைகளும் உண்டு. தண்டில் இது மிக இறுக்கமாக உட்காருகிறது. உள்ளேயிருக்கும் நாக்கைத் தண்டின் பள்ளத்தோடு பொருத்தி, அடிவரை அழுத்தவேண்டும். பாதியில் நின்றால் மூடியைக் கிளிப் போட்டு இறுக்கும்போது கார்பன் பிரஷ் நொறுங்கும். கழற்றும்போதும் ஒரே பக்கமாக நெம்பாமல் நேராக மேலே இழுப்பதற்குப் பொறுமை வேண்டும். சாலையோரத்தில், சுட்டுக்கொண்டிருக்கும் என்ஜினில் இதைச் செய்வது எரிச்சலான வேலை. சாதாரண உதிரிபாகக் கடைகளில் இதை நான் பார்த்ததில்லை. பழைய கார்களுக்கென்றே விற்பவர்களிடம் அஞ்சலில் வரவழைக்க வேண்டியிருக்கிறது. மலிவு ரோட்டரோடு ஒப்பிட்டால் விலையும் அதிகம்தான், ஆனால் பழுது வண்டி வந்து தூக்கிப்போகும் செலவின் முன் அது ஒரு பொருட்டில்லை.

பாயிண்டையும் கண்டென்சரையும் எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டவர்கள், தங்களுக்கு இது தேவைப்படாது என்று எண்ணிவிடக் கூடாது. அந்த மாற்றத்துக்குப் பிறகும் மூடியும் ரோட்டரும் பழையபடி அங்கேயேதான் இருக்கின்றன. அதோடு சக்திவாய்ந்த காயிலும் சேர்ந்துவிட்டால் ரோட்டர் தாங்கவேண்டிய அழுத்தம் கூடுமே ஒழியக் குறையாது. பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலத்திலிருந்து தேய்ந்து அகன்றிருந்தாலும், பிளக் வயர் ஒன்று உள்ளே அறுந்திருந்தாலும் விளைவு இதேதான், ஆகவே புது ரோட்டரைப் போடும் அன்றே அவற்றையும் பார்த்துவிட வேண்டும். மறுபுறம், டாகோமீட்டர் முள் சட்டென்று விழுந்து நின்ற காருக்கு இந்தப் பாகத்தை வாங்கிப் பயனில்லை. அங்கே முதலில் பார்க்கவேண்டியது கண்டென்சரையும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அடித்தட்டோடு சேர்ந்து அசைந்து அசைந்து உறைக்குள்ளேயே அறுந்துபோகும் அந்தச் சிறிய வயரையும்.

வாங்கும்போது நிறத்தை மட்டும் நம்பாமல், நடுவில் ரிவெட்டின் தலை தெரிகிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். சிவப்புச் சாயம் யார் வேண்டுமானாலும் கலக்கலாம். 25டி4-க்கும், 1970களின் நடுவிலிருந்து வந்த 45டி4-க்கும் ரோட்டர் வேறு. கார் எந்த ஆண்டினது என்பதை வைத்து ஆர்டர் செய்தால் தவறிப்போக வாய்ப்பு உண்டு, ஏனென்றால் ஐம்பது ஆண்டுகளில் பல கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரே மாறியிருக்கிறது. அதன் உடலின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் மாடல் எண்ணைத் துணியால் துடைத்துப் படித்துவிட்டு ஆர்டர் செய்வதே சரி. நான் இரண்டாக வாங்கினேன். இரண்டாவது, ஒரு கண்டென்சரோடு சேர்த்து, டாஷ்போர்டின் பெட்டியில் கிடக்கிறது.