"எங்கட சொந்தத் தயாரிப்பு" என்று விற்கப்படும் பில் மென்பொருள்: கொழும்புக் கடைக்காரர்கள் கவனம்

வெள்ளவத்தையில் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் 185,000 ரூபாய் கொடுத்துப் பில் போடும் மென்பொருள் ஒன்று வாங்கினேன். "அண்ணை, இது முழுக்க எங்கட பொடியங்கள் எழுதினது" என்றார் விற்றவர்.

இந்தச் சித்திரை வருடப்பிறப்புக்கு முந்தைய சனிக்கிழமை, கடை நிறையச் சனம் நிற்கும்போது திரை பூட்டிக்கொண்டது. உரிமக் காலம் முடிந்துவிட்டதாம், வருடத்துக்கு 45,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். வாங்கும்போது இதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று முழுக்கப் பில் புத்தகத்தில் கையால் எழுதினோம். எத்தனை பேர் பொறுமையிழந்து பக்கத்துக் கடைக்குப் போனார்களோ.

மறுநாள் மொரட்டுவையில் படிக்கும் அக்காவின் மகன் வந்து கணினியைக் குடைந்தான். திரையில் எங்கு பார்த்தாலும் விற்றவர்களின் பெயர்தான். ஆனால் நிறுவிய கோப்புறைக்குள் 'காப்பியிங்' என்ற ஒரு கோப்பை அழிக்க மறந்திருந்தார்கள். திறந்தால் ஜி.பி.எல். என்கிற பொது மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, 2007 ஜூன் 29 என்ற திகதியோடு. வெளிநாட்டில் யாரோ எழுதி எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்த மென்பொருள் அது. இவர்கள் சேர்த்தது பெயர்ப்பலகையும் அந்தப் பூட்டும்தான்.

போன் எடுத்துக் கேட்டேன். "ஓப்பன் சோர்ஸ்தானே அண்ணை, நிரல் எல்லோருக்கும் திறந்தது, யாரும் என்னவும் செய்யலாம்."

இந்தப் பேச்சை நம்பாதீர்கள். காசுக்கு விற்றது பிழையில்லை, என்ன விலைக்கும் விற்கலாம். எம்.ஐ.டி. என்ற இன்னொரு, தளர்வான உரிமத்தில் வந்ததென்றால் நிரலை மூடிவைத்தும் விற்கலாம். ஜி.பி.எல். காப்பிலெஃப்ட் வகை. தனக்குக் கிடைத்த சுதந்திரத்தை வாங்குபவருக்கும் குறையாமல் கொடுத்தாக வேண்டும். எழுதியவர்களின் பதிப்புரிமை அறிவிப்பை எடுக்கக்கூடாது. தாங்கள் மாற்றியதைத் திகதியோடு சொல்ல வேண்டும். உரிமத்தின் பிரதியும் மூல நிரலும் (மென்பொருளை எழுதிய, திருத்தக்கூடிய வடிவம்) நமக்குக் கிடைக்க வழி செய்ய வேண்டும். அந்த உரிமைகளைப் பயன்படுத்துவதற்கென்று கட்டணம் வைப்பதைப் பத்தாம் பிரிவு நேராகவே தடுக்கிறது. பராமரிப்புக்குக் காசு கேட்டிருந்தால் நான் சண்டை போடாமல் கொடுத்திருப்பேன்.

மூல நிரலைக் கேட்டதற்கு, இரண்டு வாரம் இழுத்தடித்து ஒரு பென் டிரைவ் அனுப்பினார்கள். அதில் இருந்தது ஏதோ பழைய பதிப்பின் நிரல், பூட்டுப் பகுதி இல்லை, நிரலை ஓடும் மென்பொருளாகத் தொகுத்து நிறுவுவதற்கான கட்டளைக் கோப்புகளும் (ஸ்கிரிப்டுகள்) இல்லை. நம்மிடம் இருக்கும் அதே பதிப்புக்கு, இவை எல்லாம் சேர்த்துத்தான் தர வேண்டும்.

வழக்குப் போடுவது வழக்கமாகப் பதிப்புரிமை வைத்திருப்பவர்களின் வேலை. அதனால் திரைப்பிரதிகளோடு மூல ஆசிரியர்களுக்கே மின்னஞ்சல் போட்டோம். அவர்கள் விற்றவர்களுக்கு அறிவிப்பு அனுப்பினார்கள். முதல் தடவை மீறியவர் அறிவிப்பு கிடைத்து 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் இழந்த உரிமை திரும்பிவிடும். பயமோ என்னவோ, பத்தொன்பதாம் நாள் முழு நிரலும் வந்து சேர்ந்தது. பொடியன் பூட்டைக் கழற்றிவிட்டான்.

அப்புறம் ஒன்று. போன வருடம் இதே மென்பொருளை புறக்கோட்டையில் இருக்கும் தம்பியின் கடைக்கும் நான் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தேன். கொடுப்பதற்கு உரிமை உண்டுதானே என்று பெருமையாகச் சொன்னால் அக்காவின் மகன் சிரிக்கிறான். "நிரலைக் கொடுக்காமல் கொடுத்திருக்கிறீங்கள் மாமா, நீங்களும்தான் மீறியிருக்கிறீங்கள்." ஞாயிற்றுக்கிழமை 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, முழு நிரலும் போட்ட பென் டிரைவைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.