யானைமலையை எந்தத் தாளில் வரைவது?

மரக்கூழ்த் தாளில் ஆறு வருடம், காட்டன் தாளில் நாலு வருடம் என்று பத்து வருடமாக மதுரையைச் சுற்றியுள்ள மலைகளை வாட்டர்கலரில் வரைந்துகொண்டிருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் மலைக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மலை வரைகிறவர்களுக்கு என் ஓட்டு காட்டன் தாளுக்குத்தான். ஆனால் விலை வித்தியாசம் சின்னதில்லை என்பதால், எதற்காக அந்தக் காசு என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். கடைகளில் ‘வாட்டர்கலர் பேடு’ என்று சுருள்கம்பி போட்டுத் தருபவை பெரும்பாலும் மரக்கூழ்த் தாள்தான். காட்டன் என்றால் அட்டையில் ‘100% காட்டன்’ என்று போட்டிருக்கும். ‘25% காட்டன்’ என்று ஒன்று வரும். என் கையில் அது மரக்கூழ் மாதிரியேதான் நடந்துகொண்டது. எதை வாங்கினாலும் 300 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கீழே போகாதீர்கள், தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி வளையும். சொரசொரப்பு அவரவர் விருப்பம். நான் நடுத்தரச் சொரசொரப்பான கோல்டு பிரஸ் பயன்படுத்துகிறேன். பாறைக்கு, அதைவிடச் சொரசொரப்பான ரஃப் இன்னும் நன்றாக வரும் என்கிறார்கள். நான் ரஃப்பில் வரைந்தது நாலைந்து படம்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இனி முக்கியமான விஷயம். மதுரை வெயிலில் தாள் எத்தனை நிமிடம் ஈரமாக இருக்கிறது? என்னைக் கேட்டால், மலை வரைகிறவர் பார்க்க வேண்டியது இது ஒன்றைத்தான்.

ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டோரம் உட்கார்ந்து காலை ஏழு மணிக்கு யானைமலையைப் பாருங்கள். படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி மேல் விளிம்பு, வானத்தை வெட்டிக்கொண்டு கூர்மையாக நிற்கும். வெயில் படும் பாறை இளஞ்சிவப்பாகவும், பள்ளங்கள் நீலம் கலந்த சாம்பலாகவும் இருக்கும். ஆனால் அடிவாரத்தில் விளிம்பே கிடையாது. வயல் புழுதியும் பனைமரமும் காலைப் புகையும் சேர்ந்து, மலை எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி கரைந்துவிடும். ஆக, ஒரே வாஷில், அதாவது தண்ணீராகக் கலந்த வண்ணத்தின் ஒரே பூச்சில், மேலே கூர்மை, கீழே கரைசல் இரண்டும் வேண்டும். பிரஷ் முதுகுக் கோட்டில் தொடங்கி இடமிருந்து வலமாகப் போய், கீழே இறங்கி, அடிவாரத்தைச் சுத்தத் தண்ணீரால் தொட்டுக் கரைக்க வேண்டும். அந்தக் கடைசித் தொடுகைக்கு நான் வந்து சேரும்போது, மரக்கூழ்த் தாளில் அடிவாரம் காய்ந்து கோடு விழுந்திருக்கும். காய்ந்தும் காயாத இடத்தில் தண்ணீர் பட்டால் இன்னும் மோசம், காலிஃபிளவர் பூ மாதிரி ஒரு கறை விரியும். மலையடிவாரத்தில் புகை இருக்க வேண்டிய இடத்தில் காலிஃபிளவர்.

போன சித்திரையில் மொட்டைமாடியில் காலை ஒன்பது மணிக்கு செல்போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். மரக்கூழ்த் தாளில் பூசிய தண்ணீரின் மினுமினுப்பு மூன்று நிமிடத்துக்குள் போய்விட்டது. காட்டன் தாளில் மேல்பக்கம் மட்டும் நனைத்தபோது ஏழு நிமிடம் தாங்கியது. அதே காட்டன் தாளை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்து, பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் எக்ஸாம் பேடு மேல் ஒட்டவைத்தபோது இருபது நிமிடம் தாண்டியும் வண்ணம் நகர்ந்தது. பிளாஸ்டிக் அடியில் இருப்பதால் கீழ்ப்பக்க ஈரம் எங்கும் போக வழியில்லை, மேலே காயக் காயக் கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். மரக்கூழ்த் தாளையும் இப்படி நனைத்துப் பார்த்தேன். ஓரம் தூக்கிக்கொண்டது, அடியில் காற்று புகுந்தது, புகுந்த இடமெல்லாம் முதலில் காய்ந்தது.

மூன்று நிமிடத்துக்கும் இருபது நிமிடத்துக்கும் நடுவில்தான் யானைமலை இருக்கிறது.

இதற்குக் காரணம் ஜவுளிக்கடைக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்மா சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர். பருத்தித் துணி சாயத்தை உள்ளே வாங்கிக்கொண்டு பிடித்துக்கொள்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். காட்டன் தாளும் அதே பருத்திதான். பஞ்சைப் பிரித்தெடுத்த பிறகு விதையில் ஒட்டியிருக்கும் குட்டை நாரிலிருந்துதான் பெரும்பாலும் செய்கிறார்கள். தண்ணீர் நாருக்குள் போய் உட்கார்ந்து மெதுவாகத் திரும்பி வருகிறது. மரக்கூழ்த் தாளில் பெரும்பகுதி மேலேயே நிற்கிறது, காற்றடித்ததும் போய்விடுகிறது. ஒருகாலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. மரத்தை அரைத்துத் தாள் செய்யும் முறை 1840-களில்தான் வந்தது. 1792-இல் ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் மதுரை வழியாகத் தெற்கே படம் வரைந்துகொண்டு போனபோது அவர்கள் நாட்டில் தாள் என்றாலே கந்தைத் துணியிலிருந்து வந்ததுதான்.

ஈரத்துக்கு அடுத்து அடுக்கு. அழகர்மலையை மார்கழியில் தூரத்திலிருந்து பார்த்தால், ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து முகடுகள், பின்னால் போகப் போக வெளிறிய நீலம். முதல் அடுக்கைப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று ஏற்ற வேண்டும். மரக்கூழ்த் தாளில் மூன்றாவது பூச்சுக்கு முதல் பூச்சு கிளம்பி வந்து கலந்து சேறாகிவிடும். காட்டனில் ஐந்து பூச்சு வரை போயிருக்கிறேன், கீழே இருப்பது அசையவில்லை. நான் கலக்கும் சாம்பல் அல்ட்ராமெரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் மட்டும்தான். அந்த இரண்டையே ஐந்து அடுக்கிலும் ஐந்து விதமாகக் காட்டலாம்.

மரக்கூழ்த் தாளின் நல்லதையும் சொல்ல வேண்டும். வண்ணம் மேலேயே நிற்பதால், காய்ந்த பிறகும் ஈரப் பிரஷால் துடைத்து எடுத்துவிடலாம். தப்புத் திருத்த அது வசதி. நிறம் காய்ந்த பிறகும் பளிச்சென்று இருக்கும். காட்டனில் ஒரு படி வெளிறும், அதைக் கணக்கு வைத்துக் கூடுதலாகக் கலக்கப் பழக வேண்டும். பேனாவில் கோடு போட்டு மேலே லேசாக நிறம் கொடுப்பவர்கள் காட்டனுக்குச் செலவழிக்கவே வேண்டாம். கொடைக்கானலில் வரைபவர்களுக்கும் என் நிமிடக் கணக்கு பொருந்தாது. இரண்டு முறை போயிருக்கிறேன். அந்த மூடுபனியில் மரக்கூழ்த் தாளே பத்து நிமிடத்துக்கு மேல் காயாமல் கிடந்தது. மூன்றாவது முறை போனால் மாற்றிச் சொல்வேனோ என்னவோ.

விலைக்கு வருவோம். நான் கடைசியாக வாங்கிய காட்டன் முழுத் தாள், 22-க்கு 30 அங்குலம், 640 ரூபாய். எட்டாக வெட்டினால் ஒரு துண்டு 80 ரூபாய், ஏ4-ஐவிடக் கொஞ்சம் சின்னது. பன்னிரண்டு தாள் உள்ள ஏ4 மரக்கூழ் பேடு 420 ரூபாய், தாளுக்கு 35. ஆனால் காட்டன் தாளின் பின்பக்கமும் அதே மாதிரி வேலை செய்யும். கெட்டுப்போன படத்தைத் திருப்பிப் போட்டு வரையலாம். நான் வரைவதில் பாதிக்கு மேல் கெட்டுப்போவதுதான், ஆகவே என் கணக்கில் இரண்டும் ஏறத்தாழ அருகருகே வந்துவிடுகிறது. பேடாக வாங்காமல் முழுத் தாளாக வாங்குங்கள், அதில்தான் மிச்சம்.

பராமரிப்பில் காட்டன் கொஞ்சம் படுத்தும். தாள் வண்ணத்தை மையொற்றும் தாள் மாதிரி உறிஞ்சாமல் இருக்க, சைஸிங் என்று ஒரு பசை ஏற்றியிருப்பார்கள். ஈரப்பதத்தில் அது கெட்டுவிடும். ஒரு ஐப்பசி அடைமழையில் நாலு முழுத் தாளைச் சமையலறைப் பரணில் வைத்துவிட்டேன். வெளியே எடுத்தபோது பார்க்க ஒன்றும் தெரியவில்லை. வானத்துக்கு நீலம் பூசியதும்தான் தெரிந்தது, உப்பைத் தூவியது மாதிரி அங்கங்கே கரும்புள்ளிகள், அந்த இடங்களில் வண்ணம் உள்ளே இறங்கிப் போயிருந்தது. நாலு தாளும் வீண். இப்போது பிளாஸ்டிக் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரும்பு பீரோவில் படுக்கை வசமாக வைக்கிறேன். வெட்டிய தாளையும் கையால் அதிகம் தொடுவதில்லை, விரலில் இருக்கும் எண்ணெய் பட்ட இடத்தில் வண்ணம் ஏறாது. சைவம் பார்ப்பவர்கள் கவனத்துக்கு ஒன்று: ஆர்ச்செஸ், சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்ட் என்ற இரண்டு காட்டன் தாள் பிராண்டிலும் அந்தப் பசை ஜெலட்டின், விலங்கிலிருந்து வருவது. ஃபேப்ரியானோ ஆர்டிஸ்டிகோ என்ற பிராண்டில் அது இல்லை.

படம் எத்தனை வருடம் நிறம் மாறாமல் இருக்கும் என்பதில் என் அனுபவம் குறைவு. என்னிடம் உள்ள காட்டன் படங்களில் மூத்ததற்கே நாலு வயதுதான், வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. தொடக்கத்தில் சாதா டிராயிங் நோட்டில் வரைந்தவை ஓரத்தில் பழுத்துவிட்டன. அது மலிவான நோட்டு. ‘ஆசிட் ஃப்ரீ’ (அமிலம் இல்லாதது) என்று போட்ட நல்ல மரக்கூழ் பேடை அதோடு சேர்த்துக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த ஆறு வருடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல தாள் நல்லா வரைகிறவங்களுக்கு என்று நினைத்திருந்தேன். அடிவாரம் கரையாதபோதெல்லாம் என் கையைத்தான் குறை சொன்னேன். ஒரு கட்டத்தில் மலையை விட்டுவிட்டுப் பூவும் பழமும் வரையலாம் என்றுகூட இறங்கிவிட்டேன். கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது, அங்கே வரைய வந்த ஒரு பையன், என்னைவிட இருபது வயது இளையவன், கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “அண்ணே, கையில ஒண்ணும் குறையில்ல, இதுல வரைஞ்சு பாருங்க” என்று அவன் தாளிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்தான். அன்றைக்கு வந்த படத்தை இன்னும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். படம் ஒன்றும் பிரமாதமில்லை. பாறை பள்ளத்தில் இறங்கும் இடம் மட்டும், நான் நினைத்தபடி கரைந்திருக்கிறது.

அதன் பிறகு என் ஞாயிற்றுக்கிழமையே மாறிவிட்டது. முன்னால் ஒரு காலையில் மூன்று படம் போடுவேன், எல்லாம் அவசரம். இப்போது ஒன்று. பாதி நேரம் தாள் சரியான ஈரத்துக்கு வரட்டும் என்று சும்மா உட்கார்ந்து மலையைப் பார்க்கிறேன். யானைமலைப் பக்கம் வெள்ளாடு மேய்க்கும் அம்மா ஒருவர் வாராவாரம் கேட்பார்.

“என்ன தம்பி, வெயில்ல வச்சா சட்டுனு காஞ்சிருமே?”

“காஞ்சிரக் கூடாதும்மா. அதுக்குத்தான் நெழல்ல வச்சிருக்கேன்.”

“சரி, அப்ப அந்தக் குடைய இப்படித் தள்ளிப் பிடி. உன் பேப்பர்ல வெயிலு ஏறுது பாரு.”

பாறையில் வெயில் நகர்ந்து பள்ளத்தின் நிழல் சுருங்குவதை, பத்து வருடத்தில் இந்த நாலு வருடமாகத்தான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மலிவான தாள்தான் பயமில்லாமல் விளையாட விடும் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள், அவளுக்கு மரக்கூழ் பேடுதான் வாங்கிக் கொடுத்தேன், மாதம் ஒன்றைத் தீர்க்கிறாள். அதோடு வெட்டிய காட்டன் துண்டு இரண்டையும் உள்ளே செருகி வைத்தேன். மலை வரையும் அன்றைக்கு எடுத்துக்கொள் என்று.

பீரோவில் இப்போது முழுத் தாள் இரண்டு இருக்கிறது. ஒன்றை எட்டாக வெட்டியாகிவிட்டது. இன்னொன்றை வெட்டாமல் வைத்திருக்கிறேன், மார்கழியில் வாடிப்பட்டி தாண்டி சிறுமலையை முழுத் தாளில் போட. அந்த அகலத்துக்கு எக்ஸாம் பேடு கிடையாது. 24-க்கு 32 அங்குலத்தில் ஒரு அக்ரிலிக் ஷீட் வெட்டித்தரச் சொல்லி முன்பணம் கொடுத்திருக்கிறேன்.