ஜெர்ரி ரைஸ் கையில் இருந்த பந்து: வில்சன் ‘தி டியூக்’ வாங்கலாமா?

பந்து பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். கண்ணாடி அலமாரியில் வைப்பதற்காக என்றால் வாங்காதீர்கள். வில்சன் நிறுவனத்தின் ‘தி டியூக்’ என்ற அமெரிக்கன் ஃபுட்பால் பந்தைப் பற்றி என் தீர்ப்பு இதுதான். நூறு டாலருக்கு மேல் விலை சொல்லும் பந்து இது. அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று விளக்க, ஜெர்ரி ரைஸ் என்ற பழைய ஃபுட்பால் வீரரைத் துணைக்கு அழைக்காமல் என்னால் முடியாது.

என் மகள் பள்ளியின் ஃப்ளாக் ஃபுட்பால் அணியில் ரிசீவர், அதாவது வீசும் பந்தை ஓடிப் பிடிப்பவள். இதில் ஆளைப் பிடித்துத் தள்ளுவது கிடையாது; இடுப்பில் தொங்கும் கொடியை இழுத்துவிட்டால் ஓட்டம் முடிந்தது. கலிஃபோர்னியாவில் 2023 முதல் இது பெண்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட பள்ளி விளையாட்டு. எனக்கோ 1994-இல் இங்கே வந்த காலத்திலிருந்து இந்த விளையாட்டு என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ 49ers அணி, 49ers என்றால் 80 என்று எண் போட்ட சட்டை. அந்தச் சட்டைக்குள் இருந்தவர் ஜெர்ரி ரைஸ்.

முதலில் பந்து. பெட்டியைத் திறந்தால் பந்து மட்டும்தான் இருக்கிறது; பம்பும் இல்லை, ஊசியும் இல்லை. இவ்வளவு விலை வைப்பவர்கள் ஓர் ஊசியாவது போட்டுக் கொடுத்திருக்கலாம். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் விதிப்படி 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ வரை காற்றழுத்தம் இருக்க வேண்டும். எடை 14 முதல் 15 அவுன்ஸ், ஏறத்தாழ 400 கிராம். நுனியிலிருந்து நுனிக்கு 11 அங்குலம். பன்றித்தோல் என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் இது மாட்டுத்தோல். சிகாகோவில் இருக்கும் ஹார்வீன் தோல் தொழிற்சாலையில் பதனிடப்பட்டு, ஒஹையோ மாநிலத்தின் ஏடா என்ற சிற்றூருக்குப் போகிறது. வில்சன் 1955 முதல் அங்கேதான் பந்து தைக்கிறது.

தைக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் பந்தின் மேல் மரியாதை கூடிவிடும். நான்கு தோல் துண்டுகளை உள்பக்கம் வெளியே இருக்கும்படி வைத்துத் தைக்கிறார்கள். பிறகு நீராவியில் காட்டி இளக்கி, ஒரு தொழிலாளி தன் கைபலத்தால் அதை உள்ளும் புறமுமாகத் திருப்புகிறார். அதன் பின் உள்ளே பிளாடர், மேலே வெள்ளை லேஸ். லேஸ் கோர்ப்பதும் கையால்தான். ‘தி டியூக்’ என்பது நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த வெலிங்டன் மாராவின் செல்லப்பெயர். 1941 முதல் 1969 வரை லீக் பந்தில் அந்தப் பெயர் இருந்தது. பிறகு 2006-இல்தான் திரும்பி வந்தது. அதனால் ரைஸ் பிடித்த பந்துகளில் இந்தப் பெயர் இருந்ததில்லை. ஆனால் அவையும் ஏடாவில் தைத்த இதே வில்சன் பந்துகள்தான்.

புதுப் பந்து வழுக்கும். தோலின் மேல் ஒரு பளபளப்பான பூச்சு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, ஏமாந்துவிட்டோம் என்று யாரும் திருப்பி அனுப்ப வேண்டாம். லேசாக ஈரத்துணியால் துடைத்து, அழுத்தமான பிரஷ்ஷால் தையலுக்குக் குறுக்கே தேய்த்து, தோலுக்கான மெழுகைத் தடவி, மறுபடியும் தேய்க்க வேண்டும். லீக்கில் ஒவ்வோர் அணியும் ஆட்டத்துக்கு முன் இப்படித்தான் பந்தைப் பக்குவப்படுத்துகிறது. நாங்கள் ஒரு வாரம் மாலை மாலை இதைச் செய்தோம். செம்பழுப்பு கறுத்துக்கொண்டே வந்தது. புள்ளிப்புள்ளியான மேடுகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. அதன் பிறகு, பலாப்பழம் உரித்துக் கழுவிய கையில் மிச்சம் இருக்குமே ஒரு பிசுக்கு, அந்த அளவுக்கு ஒரு பிடிமானம் தோலில் வந்துவிட்டது. ரப்பர் பந்தில் இது எந்தக் காலத்திலும் வராது.

“அம்மா, இது கையில் வந்து உட்காருகிறது” என்றாள் மகள்.

“உட்காராது. நீதான் உட்கார வைக்க வேண்டும்” என்றேன். அவளிடம் அன்று ரைஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கியவள் இரவுச் சாப்பாடு ஆறும் வரை நிறுத்தவில்லை.

ரைஸ் மிசிசிப்பியில் க்ராஃபோர்ட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். தந்தை கொத்தனார். கோடை விடுமுறையில் பிள்ளைகள் அப்பாவுக்குக் கையாள். சாரத்தின் மேல் நின்றுகொண்டு, தம்பி அண்ணன்மார் கீழிருந்து வீசும் செங்கற்களைப் பிடிப்பது ரைஸின் வேலை. தன் கைக்குப் பயிற்சி அங்கேதான் கிடைத்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பெரிய கல்லூரிகள் அவரைச் சீண்டவில்லை. மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறிய கறுப்பினக் கல்லூரியில் சேர்ந்தார். 1985-இல், அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 49ers அவரை முதல் சுற்றில் 16-ஆவது ஆளாக எடுத்தது. ஓட்டத்தில் வேகம் போதாது என்று பல அணிகள் கணக்குப் போட்டிருந்தன.

முதல் ஆண்டில் அவர் பந்தை நழுவவிட்டார், அதுவும் பலமுறை. சொந்த மைதானத்திலேயே கூச்சல் எழுந்தது. அதைவிடக் கொடுமை 1987 ஜனவரியில் ஜயன்ட்ஸுக்கு எதிரான பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும்) ஆட்டம். 49ers-இன் பந்து வீசும் வீரர் ஜோ மொன்டானா வீசிய பந்தைப் பிடித்துவிட்டார், முன்னால் வெட்டவெளி, தொடுவதற்கு ஒருவரும் இல்லை. பந்து தானாகவே கையிலிருந்து நழுவி விழுந்தது. அந்த ஆட்டத்தில் 49ers 49-3 என்று தோற்றது. இந்தக் காட்சியின் பதிவை நான் மகளுக்கு வேண்டுமென்றே முதலில் போட்டுக் காட்டினேன். அடுத்த பருவத்தில் அதே மனிதர் 12 ஆட்டங்களில் 22 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தோடு சேரும் பிடி) பிடித்தார் என்பதை அதன் பிறகு சொன்னேன். அதற்கும் அடுத்த பருவத்தின் முடிவில், 1989 ஜனவரியில், சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தில் 11 பந்து பிடித்து, 215 யார்டு தூரம் முன்னேறினார். ஆட்டத்தின் சிறந்த வீரர் பட்டமும் அவருக்கே.

இடையில் என்ன நடந்தது? பயிற்சியில் ஐந்து யார்டு பந்தைப் பிடித்தாலும், பிடித்த கையோடு மார்புக்கும் முழங்கைக்கும் இடையே இறுக்கி, எண்ட் ஸோன் என்ற மைதானத்தின் கடைசிப் பகுதி வரை முழு வேகத்தில் ஓடிவிட்டுத்தான் திரும்புவார். மற்றவர்கள் பந்தைத் திருப்பி வீசிவிட்டு நடந்து வருவார்கள், இவர் ஓடுவார். பருவம் இல்லாத மாதங்களில் எட்ஜ்வுட் பூங்காவின் மலைப்பாதையில் ஏறி ஓடுவார். நாங்கள் இருக்கும் ரெட்வுட் சிட்டியில்தான் அந்தப் பூங்கா. கூட ஓட வந்த இளம் வீரர்கள் பாதி வழியில் வாந்தி எடுத்த கதைகள் இங்கே பிரபலம். நடந்து ஏறினாலே எனக்கு முழங்கால் பேசும் பாதை அது.

பந்தின் தரம் எனக்கு முழுதாகப் புரிந்த இடம் வேறு. என் கணவர் இடக்கைக்காரர். வலக்கையால் வீசும் பந்து ஒரு பக்கமாகச் சுழன்று வரும். இடக்கையால் வீசினால் அதற்கு நேர் எதிராகச் சுழலும். கைக்கு வரும் கடைசி இரண்டடியில் பந்து சாயும் பக்கமே மாறிவிடும். பள்ளி அணியில் பந்து வீசும் பெண் வலக்கை. ஆகவே வீட்டில் அப்பா வீசும்போது மகள் முதலில் தடுமாறினாள். ரைஸுக்கும் இதே சிக்கல் வந்தது. வலக்கைக்காரர் மொன்டானாவுக்குப் பின் வந்த ஸ்டீவ் யங் இடக்கை. கை மாறிய பிறகு அந்த ஜோடி சேர்த்த டச்டவுன்கள் 85. மொன்டானாவோடு சேர்த்ததைவிட அதிகம். மலிவான பந்தில் இந்தச் சுழற்சி வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. பந்து காற்றில் ஆடிக்கொண்டே வருகிறது. டியூக் பந்து சரியாக வீசினால் நூல் பிடித்தாற்போல் வரும். லேஸின் வெள்ளை ஒரு கோடாகத் தெரியும், நுனி கண்ணுக்கு நேரே நிற்கும். கண்ணால் நுனியைப் பின்தொடர்வதற்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

அவருடைய எண்களைச் சொல்லிவிடுகிறேன். 20 பருவங்கள், 303 ஆட்டங்கள், 1,549 பிடிகள், 22,895 யார்டு, மொத்தம் 208 டச்டவுன்கள். யார்டு கணக்கில் இரண்டாம் இடத்தில் இருப்பவர் லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட். அரிசோனா கார்டினல்ஸ் என்ற ஒரே அணியில் 17 பருவம் ஆடியவர், அவரும் எனக்குப் பிடித்தவர். அவருக்கும் ரைஸுக்கும் இடைவெளி 5,000 யார்டுக்கு மேல். ஒரு நல்ல ரிசீவருக்கு ஐந்து ஆண்டு உழைப்பு அது.

1997-இல் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே இடது முழங்கால் தசைநார்கள் அறுந்தன. டிசம்பரில் திரும்பி வந்து டச்டவுன் பிடித்தார். விழுந்ததில் அதே முழங்காலின் சில்லு உடைந்தது. முடிந்தது என்றார்கள். 2001-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்குப் போனார். நாற்பது வயதைத் தொட்ட 2002 பருவத்தில் 92 பிடிகள், 1,211 யார்டு. எனக்கு எல்லாச் சூப்பர் பவுல் மோதிரங்களையும்விட இந்த 92 பெரிது. கால் ஓடிய காலம் போய்விட்டது. கை மட்டும் இருந்தது.

ஒரு விஷயத்தை மறைக்க மாட்டேன். கையுறையில் கொஞ்சம் பிசின் தெளித்துக்கொண்டதாக அவரே 2015-இல் தொலைக்காட்சியில் சொன்னார். லீக் அதை 1981-லேயே தடை செய்திருந்தது. கேட்டபோது எனக்கு மனம் கனத்துப்போயிற்று, இன்றும் அது ஆறவில்லை. மகளிடம் அதையும் சொன்னேன். விதிக்குள் கிடைக்கும் பிடிமானம் இந்தத் தோலிலேயே இருக்கிறது. பிரஷ் பிடித்துத் தேய்க்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பிசின் தெளித்ததால் மட்டும் நாற்பது வயதில் 92 பிடிகள் வராது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்தே அவள் தெரிந்துகொள்ளட்டும்.

குறைகளுக்கு வருகிறேன். மழையில் தோல் நீர் குடித்துக் கனத்துவிடும். நனைந்தால் அடுப்புப் பக்கமோ வெயிலிலோ வைக்காமல், நிழலில் தானாக உலரவிட வேண்டும். சிமென்ட் தரையில் விழுந்தால் நுனி தேய்ந்து வெளுத்துவிடுகிறது, ஆகவே புல்தரை இல்லாதவர்கள் யோசியுங்கள். இதே பெயரில் செயற்கைத் தோல் ‘ரெப்ளிகா’ ஒன்று பாதிக்கும் குறைந்த விலையில் கிடைக்கிறது. படத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். விவரத்தில் ‘அசல் தோல்’ என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். பள்ளியில் என் மகளுக்குக் கொடுக்கும் பந்து இதைவிடச் சற்றுச் சிறியது என்பதால், ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாள்கள் அவள் இதைத் தொடுவதில்லை.

முழு அளவுப் பந்து 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அதற்குக் கீழே என்றால் வில்சனின் யூத், ஜூனியர், பீ வீ அளவுகளில் கைக்கு ஏற்றதைப் பாருங்கள்; சின்னக் கையில் பெரிய பந்தைத் திணித்தால் பிள்ளை மார்போடு அணைத்துப் பிடிக்கப் பழகிவிடும், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. பந்தோடு ஒரு பம்பும், இரண்டு ஊசியும், ஒரு பிரஷ்ஷும் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊசி எப்படியும் ஒன்று தொலைந்துவிடும்.