பெரியாரின் மேடையும் அண்ணாவின் மேடையும்

பெரியாரும் அண்ணாவும் சொன்னது ஒன்றுதான். ஒருவர் கரடுமுரடாகச் சொன்னார், மற்றவர் அழகுபடச் சொன்னார் என்று நெடுங்காலமாக ஒரு பேச்சு உலவுகிறது. இதை நான் ஏற்கவில்லை. மொழி எதற்கு என்ற கேள்வியிலேயே இருவரும் பிரிந்துவிட்டார்கள். அவர்களுடைய மேடைப் பேச்சை அருகருகே வைத்துப் பார்த்தால் கொள்கையும் அங்கேதான் பிரிகிறது என்பது விளங்கும்.

பெரியாருக்கு மொழி ஒரு கருவி. மழுங்கினால் தீட்ட வேண்டும், உதவாவிட்டால் மாற்ற வேண்டும். எழுத்துச் சீர்திருத்தத்தை 1935-லேயே தம் ஏட்டில் நடைமுறைப்படுத்தினார். அரசு அதை ஏற்க 1978 வரை ஆயிற்று. கட்டாய இந்தியை எதிர்த்து 1938-இல் சிறைக்குப் போன அதே மனிதர்தான் தமிழைக் 'காட்டுமிராண்டி மொழி' என்றும் சொன்னார். மொழியின் மீது பக்தி வைக்காதவர் மேடையில் எதுகை மோனை தேட மாட்டார். ஈரோட்டுக் கடைவீதியில் வியாபாரம் செய்தவரின் பேச்சு அது. ஒரு வழக்கத்தை எடுத்துக்கொள்வார். இது எப்படி வந்தது, இதனால் பிழைப்பவன் யார், இழப்பவன் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவார். மணிக்கணக்கில் பேசிவிட்டு, நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பார்.

இந்த வேண்டுகோளைப் பலர் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது சுயமரியாதைக் கொள்கையின் உயிராகத் தெரிகிறது. பிறப்பால் உயர்ந்தவன் சொன்னான் என்பதற்காக ஏற்காதே என்று சொல்பவர், மேடையில் நிற்பவன் சொன்னான் என்பதற்காகவும் ஏற்காதே என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருவரையொருவர் 'தோழர்' என்றே அழைக்க வேண்டும் என்று 1932-இல் 'குடி அரசு' இதழில் அவர் எழுதியதும் இதே நோக்கத்தில்தான்.

கேட்பவரைப் பெரியார் தாலாட்டவில்லை. கடவுள் 'இல்லவே இல்லை' என்பதோடு நிற்காமல், வணங்குகிறவன் காட்டுமிராண்டி என்று, நெற்றியில் திருநீறோடு எதிரே உட்கார்ந்திருந்தவர்களிடமே சொன்னார். திராவிடர் கழகம் தேர்தலில் நிற்கவில்லை. வாக்குக் கேட்க வேண்டிய தேவை இல்லாத நாக்குக்கு மட்டுமே வாய்த்த சுதந்திரம் அது.

அண்ணாவின் நிலை வேறு. 1949-இல் தி.மு.க.வைத் தொடங்கியபோதே அவருக்குப் பெரும் கூட்டம் தேவைப்பட்டது. 1956-இல் திருச்சி மாநாட்டில் தேர்தலில் நிற்பதென்று கட்சி முடிவெடுத்த பிறகு, கூட்டம் வாக்காகவும் மாற வேண்டியிருந்தது. அவர் எடுத்துக்கொண்டது குடும்பத்தின் மொழி. அவர் அண்ணன், கேட்பவர் தம்பி. தோழனோடு வாதாடலாம், அண்ணன் பேசும்போது தம்பி உருகுவான். பிரிந்து வந்த கட்சியில் தலைவர் நாற்காலியைப் பெரியாருக்காகக் காலியாக வைத்திருந்ததும் இந்தக் குடும்ப இலக்கணத்தின்படிதான்.

அடுக்குமொழி அவருக்கு வெறும் அலங்காரம் என்போர், பிள்ளையார் விஷயத்தைப் பார்க்க வேண்டும். 1953-இல் பெரியார் பிள்ளையார் சிலைகளை உடைக்கும் போராட்டம் நடத்தினார். அண்ணாவின் நிலைப்பாடாக இன்றும் சொல்லப்படுவது இது: பிள்ளையாரையும் உடைக்க மாட்டேன், பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைக்க மாட்டேன். ஒரே வினைச்சொல்லில் இரு பக்கமும் நிற்கின்றன. பக்தனுக்கு அச்சமில்லை, பகுத்தறிவாளனுக்கும் மனக்குறை இல்லை. ஒரு கட்சியின் சமரசம் முழுவதும் ஒற்றை வாக்கியத்தின் ஓசைக்குள் அமர்ந்துவிட்டது. கடவுள் பற்றிய கேள்விக்கும் அவர் திருமூலரிடமிருந்து 'ஒன்றே குலம், ஒருவனே தேவன்' என்று எடுத்துக்கொண்டார். மறுப்பு மறைந்து மரபு வந்து நின்றது.

எதிர்த்தரப்பை நோக்கியும் அவர் இப்படித்தான் பேசினார். 1962-இல் மாநிலங்களவையில் ஆங்கிலத்தில் ஆற்றிய முதல் உரையில், திராவிடன் என்பதில் பெருமைப்படுகிறேன் என்றார். அடுத்த மூச்சிலேயே, அதனால் வங்காளிக்கோ மராட்டியருக்கோ நான் எதிரியல்ல என்றார். பெரும்பான்மையினர் பேசுவதால் இந்தி பொதுமொழி என்றால், எண்ணிக்கையில் மிகுந்த காக்கையை விட்டுவிட்டு மயிலை ஏன் தேசியப் பறவை ஆக்கினீர்கள் என்று அவர் கேட்டபோது, எதிரில் இருப்பவராலும் சிரிக்காமல் இருந்திருக்க முடியாது.

காமராசரை இங்கே ஒரு கணம் நினைக்க வேண்டும். அவரும் பெரியாரைப் போல அலங்காரம் இல்லாமல் பேசினார். ஆனால் பெரியாரின் எளிமை கேட்பவரைக் கேள்வி கேட்க வைத்தது; காமராசரின் 'ஆகட்டும், பார்க்கலாம்' கவலையை அவரிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னது. ஆக, பேச்சு எளிமையா அலங்காரமா என்பதை மட்டும் வைத்துக் கொள்கையைக் கண்டுபிடிக்க முடியாது. கேட்பவரிடம் அது எதை எதிர்பார்க்கிறது என்று பார்க்க வேண்டும்.

விளைவை வைத்து எடை போட்டால் அண்ணாவின் தட்டு தாழ்வது போலத் தோன்றும். 1967-இல் ஆட்சி வந்தது. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது. பெரியாரின் பேச்சு மட்டும் இருந்திருந்தால் இவை நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அந்த ஆட்சியே பெரியாருக்குக் காணிக்கை என்று அண்ணா சட்டமன்றத்தில் சொன்னார். நாத்திகருக்குக் கோயில் சொல்லால் நன்றி சொல்ல அவரால்தான் முடியும்.

ஆனால் அடுக்குமொழியைக் கொள்கை இல்லாமலும் கற்றுக்கொள்ளலாம். அண்ணாவுக்குப் பின் வந்த எத்தனையோ பேச்சாளர்கள் ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தம்பி என்றும் உடன்பிறப்பு என்றும் அழைக்கப்பட்ட கூட்டம், கேள்வி கேட்பதைக் குடும்பத் துரோகமாக நினைக்கப் பழகியது. இதில் அண்ணாவுக்கும் பங்குண்டு என்றே கருதுகிறேன். பெரியாரின் நடையை அப்படிக் களவாட வழியில்லை. வாதத்தை எடுத்துவிட்டால் அதில் மிஞ்ச ஒன்றுமில்லை.

1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் தம் கடைசிக் கூட்டத்திலும் அவர் வாதாடிக்கொண்டுதான் இருந்தார். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக வழிசெய்யும் சட்டம் 1970-லேயே நிறைவேறியிருந்தும், கருவறை வாசல் திறக்கவில்லை. சட்டம் இயற்றும் அளவுக்கு மக்களைத் திரட்ட அண்ணாவின் மொழி போதும். அந்தச் சட்டத்தை ஊரும் வீடும் ஏற்க மறுக்கும்போது, வணங்குகிறவரின் முகத்துக்கு நேரே பேசும் மொழிதான் வேண்டும். அப்படிப் பேசுகிறவர்களை இன்றைய மேடைகளில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.