கடையில் பாட்டுப் போட யாரிடம் உரிமம் வாங்குவது? நான்கு அமைப்புகள், ஒரு மதிப்பீடு

60 இருக்கை கொண்ட ஒரு சைவ உணவகத்தை எடுத்துக்கொள்வோம். காலையில் பக்திப் பாடல், பகலில் வீணையோ புல்லாங்குழலோ, ராத்திரி எண்பதுகளின் சினிமாப் பாட்டு. கல்லாவுக்குப் பின்னால் ஓர் ஆம்ப்ளிஃபையர், கூரையில் நான்கு ஸ்பீக்கர், பாட்டு ஓடுவது ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனில். இந்தக் கடைக்கு என்ன உரிமம் தேவை? அதை விற்கும் ஐபிஆர்எஸ், பிபிஎல், ஆர்எம்பிஎல், நோவெக்ஸ் ஆகிய நான்கில் எது கொடுக்கிற காசுக்குத் தகும்? ஜவுளிக்கடை, சலூன், ஜிம், லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

முதலில் அந்தப் போன். ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்றவற்றுக்கு மாதச் சந்தா கட்டியிருந்தாலும், அவற்றின் விதிமுறைகள் தனிப்பட்ட, வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதி தருகின்றன. கடையில் வாடிக்கையாளர் காதில் விழும்படி போடும்போது அது பொதுமக்களுக்கு ஒலிபரப்புவதாகிவிடுகிறது. சந்தா ரசீதைக் காட்டித் தப்ப முடியாது. விலை கொடுத்து வாங்கிய சிடிக்கும், பென் டிரைவில் ஏற்றி வைத்த பாட்டுக்கும் இதே நிலைதான்.

ஒரு பாட்டுக்குள் குறைந்தது இரண்டு சொத்துகள் இருக்கின்றன என்பதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். பாடல் வரியும் மெட்டும் ஒரு பக்கம். ஸ்டுடியோவில் பதிவான அந்த ஒலிப்பதிவு இன்னொரு பக்கம். முதல் பக்கத்தின் பணம் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் அவர்களின் பதிப்பாளருக்கும் போகிறது. இரண்டாவது, ஆடியோ கம்பெனிக்கு. பதிவான பாட்டைப் போட்டால் இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். மேடையில் ஆட்களை வைத்து நேரடியாகப் பாட வைத்தால் முதல் பக்கம் மட்டும். அங்கே ஒலிப்பதிவே ஓடவில்லை. மெல்லிசைக் கச்சேரி வைக்கும் ஹோட்டல்கள் ஒலிப்பதிவு உரிமத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு வருவது இந்த வித்தியாசம் தெரியாததால்தான். ஆனால் இடைவேளையில் டிஜே ஒரு டிராக் ஓடவிட்டால் இரண்டும் தேவைப்படும்.

நான்கில் கேள்வியே இல்லாமல் வாங்க வேண்டியது ஐபிஆர்எஸ் உரிமம். 1969இல் தொடங்கிய அமைப்பு. 2017 நவம்பரில் பதிப்புரிமைச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்கீழ் மறுபடியும் பதிவு பெற்றது. வரிக்கும் மெட்டுக்கும் உரிமையாளர்கள் சார்பில் உரிமம் தந்து பணம் வசூலிக்க இந்தியாவில் பதிவு பெற்ற சங்கம் இதுதான். பதிவு என்பது வெறும் காகிதப் பெருமை அல்ல. பதிவு பெற்ற சங்கம் தன் கட்டணப் பட்டியலை வெளியிட்டே ஆக வேண்டும். கட்டணம் அநியாயம் என்று பட்டால் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 33ஏ பிரிவில் வழி இருக்கிறது. 2021 விதித் திருத்தத்துக்குப் பிறகு வருடாந்திர வெளிப்படைத்தன்மை அறிக்கையும் போட வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2012 திருத்தம் வந்த பிறகு, திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டுவதைத் தவிர மற்றப் பயன்பாடுகளில், கவிஞரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது. உரிமை வாங்கியவரோடு சமமாகப் பங்கு அவர்களுக்கு உண்டு. உங்கள் கடை கட்டும் பணம் எழுதியவர் வீட்டுக்குப் போகும் வழி இது. அதனால்தான் இதில் கஞ்சத்தனம் வேண்டாம் என்கிறோம்.

குறை இல்லாமல் இல்லை. சங்கத்தில் உறுப்பினராக இல்லாத, அல்லது விலகிவிட்ட படைப்பாளியின் பாடல்கள் இந்த உரிமத்துக்குள் வராது. உங்கள் கடையில் ஒரே இசையமைப்பாளரின் பாட்டுதான் நாள் முழுக்க ஓடும் என்றால், அவர் பெயர் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஒலிப்பதிவுப் பக்கம்தான் சிக்கல். பிபிஎல் 1941இல் தொடங்கிய பழைய நிறுவனம். சோனி, யுனிவர்சல், வார்னர் போன்ற பெரிய கம்பெனிகளின் ஒலிப்பதிவுகள் இதனிடம் இருப்பதால் பட்டியலின் அளவில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் 2014க்குப் பிறகு இது பதிவு பெற்ற சங்கமாக இல்லை. கம்பெனிகளிடமிருந்து உரிமையை எழுதி வாங்கி, உரிமையாளர் என்ற தகுதியில் உரிமம் தருகிறது. நோவெக்ஸும் அதே வகை. யஷ் ராஜ், ஜீ மியூசிக் போன்றவற்றின் பாடல்களை நிகழ்ச்சிகளிலும் ஹோட்டல்களிலும் போடும் உரிமையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம் அது. ஆர்எம்பிஎல் 2021இல் ஒலிப்பதிவுகளுக்கான சங்கமாகப் பதிவு பெற்றது.

சங்கமாகப் பதிவு பெறாமல் உரிமம் விற்கலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை. தமிழ்நாட்டுக்காரர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். 2021 டிசம்பர் 8 அன்று நோவெக்ஸ் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, உரிமம் தரும் தொழிலைப் பதிவு பெற்ற சங்கம் வழியாகத்தான் செய்ய முடியும் என்றார். 2024 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் இதற்கு நேர் எதிராக, எழுதி வாங்கிய உரிமையாளர் 30ஆம் பிரிவின்கீழ் தாமே உரிமம் தரலாம் என்றது. 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு சென்னையின் பக்கம் சாய்ந்து, அந்த வழக்கில் இருந்த உணவக நிறுவனம் பிபிஎல்லுக்கு ஆர்எம்பிஎல் கட்டண அளவில் கட்ட வேண்டும் என்றது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டண உத்தரவை நிறுத்தி வைத்தது.

சென்னைத் தீர்ப்பை மட்டும் நம்பி யாருக்கும் எதுவும் கட்டாமல் உட்கார்ந்திருப்பது ஆபத்து. காரணம் 62ஆம் பிரிவு. வழக்குப் போடுபவர் தன் அலுவலகம் இருக்கும் ஊரில் போட அது இடம் தருகிறது. பிபிஎல், நோவெக்ஸ் இரண்டுக்கும் தலைமையிடம் மும்பை. புத்தாண்டு விருந்துக்கு முன்னால், டிசம்பர் கடைசியில், மும்பையிலிருந்து இடைக்காலத் தடை வந்து நின்றால் டிக்கெட் விற்ற ஹோட்டல் என்ன செய்யும்? தெரிந்தே மீறினால் 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொல்லியிருக்கிறது.

ஆகவே ஒலிப்பதிவுப் பக்கத்தில் பெயரைப் பார்த்து வாங்காமல் காகிதத்தைப் பார்த்து வாங்குங்கள். எந்த அமைப்பின் முகவர் வந்தாலும் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள். எந்தெந்தக் கம்பெனியின் பாடல்கள், பெயர் பெயராக. அந்தக் கம்பெனி எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தின் நகல். பொது இடத்தில் ஒலிபரப்பும் உரிமை அதில் இருக்கிறதா, எந்தத் தேதி வரை. ஒப்பந்தத்தில் கால அளவு எழுதப்படவில்லை என்றால் 19ஆம் பிரிவுப்படி அது 5 ஆண்டுதான். ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி போட்ட, காலம் குறிப்பிடாத ஒப்பந்தத்தை நீட்டினால் அது ஏற்கெனவே செத்த காகிதம். பாடல்கள் இணைக்கப்பட்ட அட்டவணையில் இருப்பதாக ஒப்பந்தம் சொல்லும். ஆனால் அந்த அட்டவணையைப் பல பேர் காட்டுவதில்லை. அட்டவணை இல்லாத ஒப்பந்தத்தை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. கம்பெனிகள் ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது சாதாரணம் என்பதால் போன வருடத்துப் பட்டியலை நம்ப வேண்டாம்.

பட்டியல் கைக்கு வந்ததும் உங்கள் போனில் ஓடும் பாடல்களில் 50ஐ எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் போட்டிருக்கும் கம்பெனிப் பெயரைக் குறித்துக்கொண்டு ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலை. தமிழ்ப் பழைய பாட்டு அதிகம் போடும் கடையில் சரிகம என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். பழைய எச்எம்வி இசைத்தட்டுகள் அவர்களுடையவை. அது யார் பட்டியலில் இருக்கிறதோ அவரிடம்தான் உங்களுக்கு முதல் வேலை. இந்திப் பாட்டே போடாத கடைக்கு நோவெக்ஸ் பெரும்பாலும் தேவைப்படாது. கல்யாண மண்டபம், நட்சத்திர ஹோட்டல், டிஜே வரும் இடம் என்றால் அது வேறு கதை.

ஒரு சின்ன எச்சரிக்கை: இங்கிலாந்தில் பிபிஎல் பிஆர்எஸ் என்ற கூட்டு நிறுவனம் 2018 முதல் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே உரிமம் தருகிறது. ஒரு படிவம், ஒரு பில். பெயர் ஒற்றுமையைப் பார்த்து நம் ஊர் பிபிஎல் உரிமமும் இரண்டையும் உள்ளடக்கியது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அது ஒலிப்பதிவு மட்டும். இந்தியாவிலும் அப்படி ஒரே பில் வந்தால் கடைக்காரர்களில் பாதிப் பேர் மறுபேச்சில்லாமல் கட்டுவார்கள் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

பழைய பாட்டுக்குக் காசு வேண்டாமே என்று கேட்பவர்கள் நிறைய. பாதிதான் சரி. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு பாதுகாப்பு. 1964இல் வெளியான இசைத்தட்டு 2024 டிசம்பர் 31 வரை. அதன் பிறகு அந்தப் பதிவுக்கு யாரும் பணம் கேட்க முடியாது. ஆனால் வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவர் இறந்து 60 ஆண்டு. எம்.எஸ்.விஸ்வநாதன் 2015இல் மறைந்தார். அவர் மெட்டுகள் 2075 முடியும் வரை பாதுகாப்பில் இருக்கும். கண்ணதாசன் வரிகள் 2041 வரை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் போய்விட்டார், அவர் வரிகள் 2019 முடிவோடு பொதுச் சொத்து. மெட்டுப் போட்டவர் பிற்பாடு மறைந்திருந்தால் மெட்டு இன்னும் பாதுகாப்பில்தான். தியாகராஜர் கீர்த்தனை யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அதை பத்து வருடத்துக்கு முன் ஒரு வித்வான் பாடிப் பதிந்த ஆல்பம் கம்பெனிக்குச் சொந்தம். பழைய பாட்டையே புது வாத்தியத்தோடு மறுபடி பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவுக்குக் கணக்கு புதிதாகத் தொடங்கும். சுருக்கமாக, 1964 வரையிலான அசல் பதிவுகளை மட்டும் போடும் கடை ஒலிப்பதிவுக் கட்டணத்தைத் தவிர்க்கலாம், ஐபிஆர்எஸ் கட்டணத்தைத் தவிர்க்க முடியாது.

கட்டணம் பெரும்பாலும் உணவகத்துக்கு இருக்கை எண்ணிக்கை, கடைக்குச் சதுர அடி, லாட்ஜுக்கு அறை எண்ணிக்கை, நிகழ்ச்சிக்குக் கூட்டம் என்று போகும். இங்கேதான் கை கடிக்கும் தவறுகள். படிவத்தில் மொத்த இருக்கையை எழுதுகிறார்கள். ஸ்பீக்கரே இல்லாத மாடி ஏசி ஹாலின் 40 இருக்கையும் அதில் சேர்ந்துவிடுகிறது. பாட்டுக் கேட்கும் பகுதியை மட்டும் எழுதுங்கள், வரைபடம் ஒன்றை இணையுங்கள். இன்னொன்று ஜிஎஸ்டி: உரிமக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம். ஜவுளிக்கடை இதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். 5 சதவீத வரியில் நடக்கும் உணவகமும் சலூனும் கழிக்க முடியாது. அவர்களுக்கு 10,000 ரூபாய் உரிமம் உண்மையில் 11,800. பேரம் பேசும்போது இந்தத் தொகையை வைத்துப் பேசுங்கள். பில்லில் கடை முகவரி, இருக்கை எண்ணிக்கை, தொடங்கும் தேதி, முடியும் தேதி நான்கும் இருக்கிறதா என்று பார்த்து, உரிமத்தின் ஒரு நகலைக் கல்லாவிலேயே வையுங்கள்.

லாட்ஜ் அறையில் இருக்கும் டிவியும் கணக்கில் வரும். ஒரே ஹோட்டலின் அறைகளுக்கு ஒலிபரப்புவதும் பொதுமக்களுக்கு ஒலிபரப்புவதுதான் என்று சட்டமே விளக்கம் தருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது ஹாலில் குடியிருப்போருக்காகப் போடுவதற்கு விலக்கு உண்டு.

மண்டபக்காரர்கள் அதிகம் ஏமாறுவது கல்யாணத்தில். 52(1)(இசட்ஏ) பிரிவு மதச் சடங்குக்கு விலக்குத் தருகிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணம் சார்ந்த மற்றக் கொண்டாட்டங்களும் அதில் அடக்கம் என்று விளக்கவுரையே சொல்கிறது. 2023 ஜூலை 24 அன்று மத்திய அரசும் அறிவிப்பு விட்டு, இதற்கு முரணாக நடக்க வேண்டாம் என்று சங்கங்களுக்குச் சொன்னது. எனவே வரவேற்புப் பாட்டுக்கு உரிமம் எங்கே என்று யாராவது கேட்டால் அந்த அறிவிப்பின் நகலைக் காட்டுங்கள். அடிப்படை இல்லாமல் வழக்கு மிரட்டல் தொடர்ந்தால் 60ஆம் பிரிவில் நீங்களே நீதிமன்றம் போகலாம். அதே மண்டபத்தில் கம்பெனி ஆண்டு விழா, டிக்கெட் போட்ட ஆட்டம் பாட்டம் நடந்தால் விலக்குக் கிடையாது. லாபத்துக்கு இடம் கொடுத்தவரையும் 51ஆம் பிரிவு பிடிக்கும். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: இசை உரிமங்களை நிகழ்ச்சி நடத்துபவர் வாங்கி, நிகழ்ச்சிக்கு 3 நாள் முன்பு நகல் தர வேண்டும். நகல் வராவிட்டால் சவுண்ட் சிஸ்டத்துக்கு கரண்ட் கொடுக்க வேண்டாம்.

உரிமம் வாங்கிய நிகழ்ச்சி முடிந்ததும் பாடிய, போட்ட பாடல்களின் பட்டியலை, இசையமைப்பாளர், கவிஞர் பெயரோடு ஐபிஆர்எஸ்ஸுக்கு அனுப்பிவிடுங்கள். 25 பாட்டுக்கு ஒரு பக்கம் போதும். பட்டியல் போய்ச் சேர்ந்தால்தான் அந்த இரவில் எந்தக் கவிஞரின் பாட்டு ஒலித்தது என்று அவர்களுக்குத் தெரியும்.